பிரிக்ஸ் மீட்டர் விற்ற மூணு மாசம்

இனிப்பா இல்லையான்னு நாக்கு சும்மாவே சொல்லிடும். எவ்வளவு இனிப்புன்னு சொல்லுற பிரிக்ஸ் மீட்டர்ங்கிற கருவியை விக்கத்தான் என்னை மாதிரி ஒரு பாவி பொட்டியைத் தூக்கிட்டு வெயில்ல அலையணும். பொட்டி தூக்கி அலைஞ்ச சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எழுபதுகளோட கடைசி. திருச்சி கம்பெனியில மூணு மாசம் சோதனைக் காலம். "ஒரு ஆர்டராவது வரலைன்னா வூட்டுக்குப் போயிடலாம்"னு மேனேஜர் சொல்லிட்டார். அந்தப் பக்கம் எனக்குப் பாத்திருந்த பொண்ணு வீட்ல, "வேலை நிரந்தரம்னு பேப்பரைக் காட்டுங்க, அப்புறம் கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம்"னு நிக்கிறாங்க. எனக்கோ அந்தப் பொண்ணை ரொம்பவே பிடிச்சுப்போச்சு.

கொதிச்சது கொப்பரை, உடைஞ்சது ஜாடி

வரதராஜன்பேட்டைப் பக்கம் வெல்லம் காய்ச்சுற கொட்டகை. காய்ச்சுற பெரியவர் பாகுல ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, விரலால உருட்டிப் பாத்து, "இன்னும் பதம் வரல"ன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம்ல? "ஐயா, இதுக்குக் கருவி இருக்கு"ன்னு கண்ணாடி ஜாடியை எடுத்துக் கொதிக்கக் கொதிக்கப் பாகை ஊத்தினேன். அதுல மீட்டரை மிதக்கவிட்டா எண் காட்டும். எங்கே மிதக்க? ஜாடி படீர்னு பிளந்துடுச்சு. ஆறவெச்சுத்தான் அளக்கணும்னு கம்பெனியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. பெரியவர் கோவிச்சுக்கக்கூட இல்ல.

"தம்பி, இந்த விரலு முப்பது வருஷமாப் பாகுல முங்குது, இன்னும் ஒரு கீறல் விழல."

பாய் மூடிவெச்ச பொட்டி

அடுத்து லப்பைக்குடிக்காட்ல சர்பத் கம்பெனி வெச்சிருந்த ஒரு பாய். அவருக்காக எடுத்துட்டுப் போனது குழல் மாதிரி இருக்கிற ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டைத் தடவி, வெளிச்சத்தைப் பாத்துப் பிடிச்சா உள்ள ஒரு கோடு தெரியும்; கோடு நிக்கிற எண்தான் சர்க்கரை. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. தண்ணியா இருக்கிற சாறுக்கு ஒண்ணு, கெட்டியான பாகுக்கு ஒண்ணு.

பாகுக்கானதுல அவர் சர்பத் ஐம்பது காட்டுச்சு. பாய் முகத்துல பூரிப்பு. ஆசை யாரை விட்டுது? எதிர்க்கடை சர்பத்தையும் வாங்கியாரச் சொல்லிப் பாத்தார். அறுபத்தஞ்சு! பாகுக்கானதை அதோட பொட்டியில போட்டு மூடித் தன் மேஜைக்குள்ள வெச்சுக்கிட்டார். ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டுத் தரேன்னார். கெஞ்சினேன், நடக்கல.

"மாஷா அல்லாஹ், நல்ல சாமான்தான் தம்பி, ஆனா இந்த வாரம் இது எதுத்த கடைக்காரன் கண்ணுல படக் கூடாது."

கோடு தெரியாத இடம்

அந்த வாரமே மூணாவது மாசமும் முடியுது. பெரம்பலூர் பக்கத்துல ஒரு சர்க்கரை ஆலையில கூப்பிட்டாங்க. கெமிஸ்ட் நீட்டினது கெட்டிப் பாகு. என் கையில இருந்தது சாறுக்கானது மட்டும். வெச்சுப் பாத்தா கோடே இல்ல, எல்லாம் ஒரே வெள்ளை. "சார், இதுக்கு இது ஆகாது, தப்பான கருவியக் கொண்டாந்துட்டேன்"னு ஒத்துக்கிட்டேன். அவர் வாசலைப் பாத்தார். வேலையும் போச்சு, பொண்ணும் போச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த நேரம் பாத்துக் கரும்பு ஆபீசர் உள்ள வரார். பின்னாடியே கையில கரும்போட ஒரு விவசாயி. "என் கரும்பு முத்திருச்சுங்க, எனக்குத்தான் முதல்ல வெட்ட உத்தரவு வேணும்"னு ஒரே சத்தம். கடிச்சுப் பாத்துக்கிட்டே ரெண்டு பேரும் சண்டை போடுறாங்க. நான் கரும்பை வாங்கி முறுக்கிப் பிழிஞ்சு, ஒரு சொட்டு வெச்சு ஆபீசர்கிட்ட நீட்டினேன். கோடு பளிச்சுனு பதினாலுல நின்னுச்சு. "கொறஞ்சது பதினெட்டு வரணும்யா, நீயே பாரு"ன்னார். விவசாயியும் பாத்தார், அடங்கிட்டார். "கரும்புக் கொல்லைக்குப் போற என் ஆளுங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு ஆர்டர் எழுதிக்குங்க"ன்னு ஆபீசர் சொன்னப்ப, எனக்கு அவர் கால்ல விழலாம் போல இருந்துச்சு.

ஆர்டரை வாங்கிட்டு வெளிய வந்தா, அந்த விவசாயி மரத்தடியில காத்துட்டு நிக்கிறார். கிட்ட வந்து காதோட கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தக் கோட்டைக் கொஞ்சம் மேல ஏத்திவிட அதுல திருகாணி ஏதும் இருக்குதுங்களா?"

திருகாணி இருக்கத்தான் செய்யுது. ஆனா ஆர்டர் கையில இருக்க, பத்திரிகை அச்சுக்குப் போற நேரத்துல அதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா?