மாதப் பராமரிப்பு

அம்மா முப்பத்து நான்கு இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சிறியவை. ஒரு பல் மருத்துவர், ஒரு கண்ணாடிக் கடை, இரண்டு தச்சர்கள், நீச்சல் கற்றுத்தரும் ஒரு டீச்சர், இப்படி. அவள் இறந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. அந்தத் தளங்களை என்ன செய்வது என்று நான்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது.

பத்தொன்பது வருடங்கள் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தாள். ஒரு திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, கடையை மூடுகிறோம் என்றார். அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் வேறு ஊரில் மென்பொருள் எழுதும் வேலையில் இருந்தேன். மூன்றாவது வாரமே அம்மா ஒரு பூட்டுக்கடைக்கு மேலே அறை பிடித்தாள். ஒரு மேசை, ஒரு ஜன்னல், கம்பி வைத்த ஒரு தொலைபேசி.

"செல்போன் இருக்கும்போது இது எதுக்கும்மா?"

"வேலைக்குன்னு தனியா ஒரு மணி அடிக்கட்டுமே."

அடுத்த கேள்வி, எப்படிச் சம்பாதிப்பது என்பது. என்னிடம் யோசனை கேட்டாள். நான் மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை போட்டு அனுப்பினேன்: தளத்துக்கு ஒரு விலை, மணிக்கணக்கில் கூலி, மாதப் பராமரிப்பு. ஒவ்வொன்றுக்கும் சாதகம், பாதகம். முதலாவதைப் பச்சை நிறத்தில் காட்டியிருந்தேன்.

"முடிச்சுக் குடு, காசை வாங்கு, கைகழுவிட்டு அடுத்த வேலையப் பாரு. அதான்மா சுத்தமான வழி."

"கைகழுவிட்டா அப்புறம் எனக்கு யாரு போன் பண்ணுவாங்க?"

"யாரும் பண்ண மாட்டாங்க. அதானே வசதி!"

 பிறகு, "எனக்கு மாசா மாசம்தான் சரிப்படும்" என்றாள்.

நிலையான வருமானத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல முடிவு என்று பாராட்டவும் செய்தேன்.

அவளுடைய முறை இது. ஒவ்வொரு மாதமும் முதல் பத்து நாட்களில் எல்லா வாடிக்கையாளர்களையும் அவளே கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பேர். கேட்பது ஒரே கேள்வி: "உங்க பக்கம் என்ன மாறியிருக்கு?" பல் மருத்துவர் புதன்கிழமை விடுமுறை எடுக்கத் தொடங்கியிருப்பார். தச்சர் கதவு செய்வதை விட்டுவிட்டு அலமாரி மட்டும் செய்துகொண்டிருப்பார். கேட்டுக் குறித்துக்கொண்டு அன்றே தளத்தில் மாற்றிவிடுவாள்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு அவள் வைத்த பெயர் 'அவசரம்'. எதையும் அந்தச் சொல்லோடுதான் ஆரம்பிப்பாராம். ஒருமுறை, "அவசரம், கடைப் பேருல இருக்கற 'சகோதரர்கள்'ங்கறத உடனே எடுத்துடுங்க, தம்பி சண்டை போட்டுட்டுப் போயிட்டான்" என்றிருக்கிறார். "ஒரு மாசம் பொறுங்க. கோபத்துல எடுத்தா எழுத்து கோணலா வரும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். மாதாமாதம் அவர் நினைவுபடுத்தினார். மாதாமாதம் அவள் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தேன். அந்த அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதை அளந்தேன். என் தொழில் அப்படி. ஓர் அழைப்புக்குச் சராசரி இருபத்திரண்டு நிமிடம். அதில் வேலைக்கான பேச்சு ஆறு நிமிடம்.

"அம்மா, இது வியாபாரமா, அரட்டையா?"

"ரெண்டும்தான். உனக்கு எது வேணுமோ வச்சுக்கோ."

ஊருக்குத் திரும்பி இரண்டு வார இறுதிகளில் ஒரு படிவம் எழுதினேன். வாடிக்கையாளரே அதைத் திறந்து நேரம், விலை, படம் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். தளம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும். அழைக்கவே வேண்டாம். அந்த நேரத்தில் இன்னும் முப்பது பேரைச் சேர்க்கலாம் என்று கணக்குச் சொன்னேன்.

அம்மா பார்த்தாள். "நல்லா பண்ணியிருக்க" என்றாள். நான் செய்த எதையும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மூன்று மாதங்களில் எல்லோரும் படிவத்துக்கு மாறிவிட்டார்கள், கீழே கடை வைத்திருந்த பூட்டுக்காரரைத் தவிர. அவர், "பூட்டு மாட்டுறவன்கிட்டயே பாஸ்வேர்டு கேக்குதுக்கா உங்க பெட்டி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்; படியேறி வந்து வாயால் சொல்வதை அம்மாவே படிவத்தில் ஏற்றுவாள். மாத அறிக்கை என் தொலைபேசிக்கு வந்தது. முப்பத்து நான்கு வரிகளும் பச்சை. எனக்குப் பெருமையாக இருந்தது.

புதிதாக முப்பது பேரை அவள் சேர்க்கவில்லை. ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. என்னைத்தான் அடிக்கடி கூப்பிடத் தொடங்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

இந்த அழைப்புகளுக்கு நான் சராசரி எடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அவள் அறைக்கு வரவில்லை. வியாழக்கிழமையும் வராததால் பூட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். கதவை உடைக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் திறக்கத் தெரியும். மாரடைப்பு என்றார்கள். "அக்கா சிரமப்படலம்மா. உக்காந்த மாதிரியே இருந்தாங்க" என்று அவர் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

பெரிய இணையதள நிறுவனம் ஒன்று தானாகவே முன்வந்தது. அதன் ஆள் அந்த அறைக்கே வந்து, அம்மாவின் நாற்காலியில் உட்காரப்போய், நான் பார்ப்பதைப் பார்த்து ஸ்டூலுக்கு மாறினார்.

"எல்லாத்தையும் எங்க பேக்கேஜுக்கு மாத்திடுவோம் மேடம். மாசம் ரெண்டு மாற்றம் இலவசம். மாற்றம் வேணும்னு டிக்கெட் போட்டா நாப்பத்தெட்டு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"யாராவது அவங்களுக்கு போன் பண்ணுவாங்களா?"

"பணம் கட்டலன்னா பண்ணுவோம்."

"இல்ல, சும்மா."

"சும்மாவா?" என்று சிரித்தார். கெட்ட மனிதரில்லை. என்னுடைய அட்டவணையிலும் 'சும்மா' என்று ஒரு பத்தி இருந்ததில்லை.

ஒப்படைப்பதற்கு முன் சர்வரைச் சரிபார்த்தேன். அப்போதுதான் படிவத்தின் பதிவேட்டை முழுதாகப் படித்தேன். முப்பத்து நான்கு கணக்குகளோடு முப்பத்தைந்தாவதாக ஒன்று இருந்தது. அம்மாவின் சொந்தத் தளம். எல்லோரையும்விட அதிக மாற்றங்கள் அதில்தான். எல்லாம் ஒரே பக்கத்தில், தொடர்புக்கான பக்கத்தில்.

முதலில் 'திங்கள் முதல் வெள்ளி வரை, ஒன்பது முதல் ஆறு வரை' என்று இருந்தது. படிவம் நடைமுறைக்கு வந்த நான்காவது மாதம் 'சனிக்கிழமையும் உண்டு' என்று சேர்த்திருக்கிறாள். அதற்கடுத்த மாதம் 'ஞாயிறும்'. பிறகு 'படிவத்தில் எழுதியவர்களும் கூப்பிடலாம்'. பிறகு தொலைபேசி எண்ணின் எழுத்தளவு பெரிதாகியிருக்கிறது. இரண்டு முறை. கடைசி மாற்றம், இறப்பதற்குப் பதினோரு நாட்களுக்கு முன்: 'காரணம் இல்லாமலும் கூப்பிடலாம்.'

அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையையும் பார்த்தேன். அந்தப் பதினோரு நாட்களில் ஒருவரும் இல்லை.

வாடிக்கையாளர்களின் சம்மதம் வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்று நிறுவனத்து ஆள் சொன்னார். நான் கம்பித் தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

"அவசரம், அவசரம்" என்று ஆரம்பித்தவர் நான் யார் என்று சொன்னதும் நிறுத்திவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"தம்பி திரும்ப வந்துட்டாம்மா. கடையிலதான் இருக்கான், ஏழு மாசமா. அம்மாகிட்ட சொல்லணும்னே இருந்தேன். அந்த ஃபாரத்துல அத எழுத எங்கயும் இடம் இல்ல."

படிவத்தில் பதினான்கு கட்டங்கள். நான்தான் போட்டேன்.

"போன் பண்ணியிருக்கலாமே" என்றேன். குற்றம் சொல்வதுபோல் வந்துவிட்டது.

"அவங்கதானேம்மா எப்பவும் பண்ணுவாங்க. நின்னுடுச்சு. சரி, பெரிய ஆளாயிட்டாங்க, நம்மகிட்ட பேச நேரம் இல்ல போலன்னு விட்டுட்டேன்."

நீச்சல் டீச்சரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். "ரெண்டு தடவ நம்பரைப் போட்டுட்டு வச்சுட்டேன். தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு." பல் மருத்துவரும் சொன்னார். பதினேழாவது ஆளுக்குப் பிறகு, ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்பதை நான் நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தொரு பேர் நிறுவனத்துக்குப் போனார்கள். அது சரியான முடிவுதான். நானே எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். மூன்று பேர் மட்டும் நீங்களே பாருங்கள் என்றார்கள்: அவசரம், நீச்சல் டீச்சர், பூட்டுக்காரர். மூன்று தளங்களை வைத்து யாரும் தொழில் நடத்த முடியாது. சரி என்றேன். படிவத்தை அணைத்தேன். அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

முதல் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, நீச்சல் டீச்சரைக் கூப்பிட்டேன்.

"உங்க பக்கம் என்ன மாறியிருக்குங்க?"

"சின்னப் பிள்ளைங்க வகுப்ப ஏழுலேர்ந்து எட்டுக்கு மாத்தியிருக்கேன்."

பேசிக்கொண்டே மாற்றினேன். மூன்று நிமிடம் ஆயிற்று.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

இருவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம், பிறகு ஒரு விசில். இந்த இடத்தில் அம்மா ஏதோ கேட்பாள். மீதிப் பதினாறு நிமிடமும் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். நான்கு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து நேரத்தைக் குறித்தேன். என்ன கேட்டாள் என்பதைக் குறிக்கவில்லை.

"அங்க மழையா?" என்று டீச்சரே கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எழுந்ததிலிருந்து திரைச்சீலையை நான் விலக்கவேயில்லை.

"இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.