கைடு மாதிரி ஒரு பத்திரிகை

நாற்பத்து மூன்று வயதில் கல்லூரி மாணவனாக மாறிப் பார்த்திருக்கிறீர்களா? நான் மாறினேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் ஒரு பஸ் ஸ்டாப்பில், பலர் முன்னிலையில், மானம் போனது.

எல்லாம் நண்பர் ஏகாம்பரத்தால் வந்தது. எங்கள் திருவண்ணாமலையில் அச்சகம் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகையும் கிரிவல நோட்டீஸும்தான் அவர் பிழைப்பு. மூன்று மாதம் முன்பு ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இருபது வருஷமா பத்திரிகை அடிக்கிறேங்க. எல்லாத்துலயும் கடைசி வரி 'தங்கள் நல்வரவை விரும்பும்'. ஒரே ஒரு நிஜப் பத்திரிகை அடிக்கணும். காலேஜ் பசங்களுக்குன்னு. கம்ப்யூட்டர் என்னுது. டிசைனும் ஆசிரியர் வேலையும் உங்களுது."

ஆசிரியர்! அந்த ஒரு சொல்லுக்கு விழாத எழுத்தாளன் உண்டா?

மூன்று வாரம் கல்லூரி மாணவனாகவே மாறி உட்கார்ந்தேன். இளமை என்றால் என்ன? துள்ளல்! எனவே எழுத்துகள் எல்லாம் சாய்ந்து, குதித்து, மல்லாந்து படுத்தன. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பக்கத்துக்கு நாலு 'மச்சி'. பெயர்: 'கலக்கல் கேம்பஸ்'. அட்டையில் பைக்கில் பறக்கும் ஒரு பையன். பின்னால் துப்பட்டா பறக்க ஒரு பெண். ஏகாம்பரம் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கே வயசு கம்மியான மாதிரி இருக்குங்க" என்றார்.

அவருக்குக் கம்மியாகி என்ன பிரயோஜனம்? படிக்க வேண்டியவர்களிடம் காட்ட வேண்டாமா? மாதிரிப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரி வாசல் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

ஏழெட்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். பையன்கள் புரட்டினார்கள். சிரித்தார்கள் – ஜோக்குக்கு அல்ல. ஒருவன் மிக மரியாதையாகக் கேட்டான்: "சார், இந்த 'மச்சி' எல்லாம் நீங்களே எழுதினதா?"

ஒரு பெண் மட்டும் அட்டையைத் தாண்டவே இல்லை. பெயர் வனிதா. பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாதான் சார் இருக்குது. ஆனா இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா, மறுநாள் காலேஜுக்கு வரமாட்டேன். அட்டையைப் பாத்ததுமே எங்க அப்பா படிப்பை நிறுத்திடுவாரு."

"அப்போ அட்டை எப்படித்தான் இருக்கணும்?"

அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். கண்ணில் ஒரு விஷமம் எட்டிப் பார்த்தது.

"கைடு மாதிரி இருக்கணும் சார். பாக்குறவங்களுக்குத் தூக்கம் வரணும்."

எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்ததும் கோபம் போய்ச் சிரிப்பு. மறுநாள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். பைக்கும் துப்பட்டாவும் குப்பைக்கூடைக்குப் போயின. அட்டைக்கு வெளிறிய பச்சை. நடுவில் நேராக நிற்கும் எழுத்தில் 'தேர்ச்சி'. கீழே 'தொகுதி 1'. அவ்வளவுதான். பொய் ஒரு வார்த்தை கிடையாது. பார்க்கிறவர்கள் தாங்களாகவே ஏமாந்துகொண்டால் நான் பொறுப்பா?

உள்ளே மட்டும் அட்டகாசத்துக்குக் குறைவில்லை. மாணவர்களையே எழுதச் சொன்னோம். வனிதாவும் எழுதினாள் – புனைபெயரில். லேபில் உப்பைப் பரிசோதித்து நோட்டில் எழுதுவார்களே, 'சோதனை, காண்பன, அறிவன' என்று... அதே மாதிரி தன்னைப் பெண் பார்க்க வந்த கதையை எழுதியிருந்தாள்.

சோதனை: பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.
காண்பன: அப்பா வேகமாகத் தலையாட்டினார்.
அறிவன: பொய்.

சிரித்து முடிப்பதற்குள் கடைசிச் சோதனை வந்துவிட்டது.

சோதனை: இனிமேல் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார்.
காண்பன: அப்பா தரையைப் பார்த்தார்.
அறிவன: ஏதும் இல்லை.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் போட்டேன்.

முதல் இதழ் நன்றாகவே ஓடியது. புத்தகக் கடையில் ஒரு அம்மாள், "எதிர்வீட்டுப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே படிக்குதே, அந்தக் கைடு குடுங்க" என்று கேட்டாராம். பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அச்சக வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் சுருட்டிய பச்சை அட்டை. "ஆசிரியர் யாருங்க?" என்றார். ஏகாம்பரம் என்னைக் கைகாட்டிவிட்டு, பேப்பர் எண்ணப் போகிறவர் போல உள்ளே மறைந்தார்.

"நான் வனிதா அப்பா."

'போச்சு, ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டேன்' என்றுதான் தோன்றியது.

"உட்காருங்க... அது வந்து... அவங்க எழுதினதுன்னு..."

"எங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாதுங்களா? அவ புஸ்தகம் எல்லாத்தையும் அப்பப்ப எடுத்துப் பாப்பேன். ஒண்ணும் விளங்காது. மொத மொறையா எனக்குப் புரிஞ்ச புஸ்தகம் இதாங்க." உட்கார்ந்தார். பக்கத்தைப் பிரித்தார். கடைசிச் சோதனையில் விரலை வைத்தார். "இது தப்பா இருக்குது."

"எதுங்க?"

"தரையைப் பாத்தேன். வாஸ்தவம். ஆனா 'ஏதும் இல்லை'ன்னு போட்டிருக்கா பாருங்க... அது தப்பு. அவங்களை பஸ் ஏத்தப் போனப்பவே, 'பொண்ணு படிக்கணும், இந்த சம்பந்தம் சரிப்படாது'ன்னு சொல்லிட்டேன். வீட்ல சொல்லல. எங்க வீட்டம்மா அண்ணன் கொண்டாந்த இடம். சொன்னா ரகளை ஆயிடும்."

"பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? அவகிட்ட அந்த மாதிரியெல்லாம் பேசிப் பழக்கமில்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான் பத்திரிகைக்காரராச்சே... ஒரு திருத்தம் போட்டுடுங்க. பேரு வேணாம். அவளுக்குப் புரியும்."

பிழையான செய்திக்குத் திருத்தம் கேட்டுப் பலர் பத்திரிகைகளோடு சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அடுத்த இதழில் ஏழாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் போட்டோம்: 'சென்ற இதழின் கடைசிச் சோதனைக்கான அறிவன: வேண்டாம் என்று அப்பா அன்றே சொல்லி அனுப்பிவிட்டார்.'

இதழ் வந்த மறுநாளே வனிதா அச்சகத்துக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. குரலில் மட்டும் விஷமம் குறையவில்லை.

"இருபது வருஷமா கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸு... வேணாம்னு சொன்ன சேதியைப் போய் இவ்ளோ சின்ன எழுத்துல போடுவீங்களா சார்?"