ஞாயிற்றுக்கிழமை ஈக்கள்

தவளை வளர்க்கிறவர் அதற்கு முன் ஈ வளர்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த உண்மையை அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அவருடைய கண்ணாடித் தொட்டியில் மஞ்சளும் கறுப்புமாய் மூன்று நச்சுத் தவளைகள், ஒவ்வொன்றும் பெரியவர்களின் கட்டைவிரல் அளவு. காட்டு எறும்புகளைத் தின்றால்தான் அவற்றுக்கு நஞ்சு ஊறும், இங்கே பிறந்ததுகள் வெறும் பச்சைப்பிள்ளைகள் என்று மாமா எத்தனை தடவை சொல்லியும், பாத்திரம் கழுவும் கையுறை போடாமல் அம்மா அந்தப் பக்கம் போகமாட்டார். அவற்றின் சாப்பாட்டுக்காக, மசித்த வாழைப்பழத்தில் பறக்கத் தெரியாத பழ ஈக்கள் போத்தல் போத்தலாய்ப் பெருகிக்கொண்டிருந்தன.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன வருத்தம் என்று கேட்டேன். "களைப்பு" என்றார் அம்மா. களைத்தால் படுத்து எழும்பவேண்டியதுதானே என்று நினைத்தேன். ஈப் போடும் வேலை எனக்கு வந்தது. தினமும் பின்னேரம் மாமா தொலைபேசியில் அம்மாவிடம் தவளைகள் சாப்பிட்டனவா என்று கேட்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். என்னைப் பற்றிக்கூட.

ஒரு கோடைச் சனிக்கிழமை, மறுநாள் சோலோதுர்னிலிருந்து பெரியப்பா குடும்பம் சாப்பிட வருகிறதென்று அம்மா வீட்டைத் துப்புரவாக்கினார். ஞாயிறு காலை எழும்பிப் பார்க்கிறேன், ஈப் போத்தல்கள் எல்லாம் வெந்நீரில் கழுவப்பட்டுப் பளபளவென்று தலைகீழாய்க் காய்கின்றன. நான் ஓவென்று அழுதேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும்? ஈக்கு எங்கே போவது?

பெரியப்பா வந்தார், ஆட்டிறைச்சிக் கறியை ஒரு பிடி பிடித்தார், பிறகு ஆலோசனை சொல்லத் தொடங்கினார். சோற்றுப் பருக்கை ஒன்றை நூலில் கட்டித் தொட்டிக்குள் ஆட்டிக் காட்டினார். தவளைகள் பெரியப்பாவைத்தான் பார்த்தன.

"இன்னும் கொஞ்ச நேரத்தில தம்பி போன் எடுப்பான். என்னத்தைச் சொல்லுறது?" என்றார் அம்மா.

"சாப்பிட்டுதுகள் எண்டு சொல்லிவிடும் பிள்ளை. அவனுக்கென்ன தெரியப்போகுது?" என்றார் பெரியப்பா.

"அவனுக்கு நான் பொய் சொல்லமாட்டன் அத்தான்."

மற்றபடி அம்மா பொய்யே சொல்லாதவர் அல்ல. கலியாணங்களுக்குப் பிந்திப் போகும்போதெல்லாம் ரயில் தாமதம் என்பார், அதுவும் ரயில் நிமிஷம் பிசகாத இந்த நாட்டில். ஆனால் அன்று அவர் முகத்தைப் பார்த்த பெரியப்பா பருக்கையை நூலோடு வெளியே எடுத்துவிட்டார்.

ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மா கீழே இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். பழத்தோலும் மரக்கறிக் கழிவும் போடுகிற பெரிய தொட்டியின் மூடியைத் திறந்ததும் ஈக்கள் குபீரென்று எழுந்தன. விருந்துக்கு உடுத்த சேலையோடு அம்மா இடுப்புவரை உள்ளே குனிந்து போத்தலை அங்குமிங்கும் வீசி ஈக்களைப் பிடித்தார். அந்த வழியாக வந்த மேல்மாடிச் சுவிஸ்காரர் "குரூட்சி" என்றார். தொட்டிக்குள்ளிருந்தபடியே அம்மாவும் "குரூட்சி" என்று வணக்கம் சொன்னார். எனக்கு மானம் போயிற்று.

இந்த ஈக்கள் பறப்பவை. அதனால் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் சம்பலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தோம். குளிரில் சோர்ந்துபோன ஈக்களைத் தவளைகளின் முன் கொட்டினேன். அவை மெல்ல ஊரத் தொடங்கியதும் டக், டக். நாக்கு போய்வந்ததே தெரியவில்லை. மூன்றும் தின்னும்வரை அம்மா அசையாமல் நின்று பார்த்தார்.

தொலைபேசி அடித்தது.

"ஓம் தம்பி, மூண்டு பேரும் வடிவாச் சாப்பிட்டினம். ஆனா நீ வந்து போட்டாத்தான் அதுகளுக்குப் பிடிக்கும். கெதியா வா" என்றார் அம்மா. வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார்.

எனக்குப் பொல்லாத கோபம். இத்தனை நாளும் ஈப் போட்டது நான், பெயர் மாமாவுக்கா? சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டேன். வாழ்வதற்கே களைத்துப்போயிருந்த மாமாவை உயிரோடு வீட்டுக்குக் கூப்பிட அம்மாவிடம் அந்த மூன்று தவளைகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்பது எட்டு வயதில் எனக்கு எப்படி விளங்கும்?