மொட்டை மாடி வானிலை நிலையமும் நனைந்த கருவடாமும்

கரமனையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன வானிலை நிலையம் இருக்கிறது. நானே செய்தது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, யூட்யூப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் சென்சார்களை வெயில் நேரடியாகப் படாமலிருக்க வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி அவற்றுக்குள் வைத்தேன். ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதில் உள்ளங்கையளவு சோலார் பேனலையும் ஒரு பழைய பாட்டரியையும் பொருத்தினேன். அளவுகள் என் போனில் வரும்.

ஒரே தொல்லை, வெயில் குறைந்தால் பாட்டரி இறங்கிவிடும். அப்போது போனில் எண்களுக்குப் பதிலாக வெறும் கோடுகள் தெரியும். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பான். “என்னப்பா, உங்க ஸ்டேஷன்ல இன்னிக்கு ஹர்த்தாலா?” என்பான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுட்டது. ஒரு நாள் உட்கார்ந்து நிரலை மாற்றினேன். புதிய அளவு வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும்படி செய்தேன். கோடுகள் மறைந்தன. மகனும் பாராட்டினான். மாணவன் யாராவது ஆய்வகத்தில் இப்படிச் செய்திருந்தால் அவனை வெளியே நிறுத்தியிருப்பேன்.

அதற்கு முந்தைய வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தாள். எலும்பு சேர்ந்துவிட்டது. விரல்களுக்குப் பழைய பலம் வருமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டி.வி. பார்க்கும்போதெல்லாம் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருப்பாள். மாசி மாதம் வெயில் ஏறியதும், “இந்த வருஷம் கருவடாம் பிழியப் போறேன். பிழியற நாழியை அமுக்க முடிஞ்சுதுன்னா கை சரியாயிடுத்துன்னு அர்த்தம்” என்றாள். அவளுக்கு அது பலகாரமில்லை, பரீட்சை.

விடிகாலையில் அரிசிக்கூழ் கிளறினாள். வேட்டியை விரித்து வரிசை வரிசையாகப் பிழிந்து முடித்துவிட்டு, கீழே வந்து கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கின. முகமெல்லாம் சிரிப்பு. காக்கை வராமலிருக்கக் கறுப்புக் குடையை விரித்துக் கட்டியிருந்தாள். மாடியில் குடை கட்டத் தோதாக உறுதியாக நின்றது என் இரும்புக் குழாய் ஒன்றுதான். பேனலுக்கு நேர் மேலே குடை.

மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “கிழக்கே கறுத்திண்டு வரதே. எடுத்துடட்டுமா?” என்றாள்.

நான் போனைப் பார்த்தேன். ஈரப்பதம் குறைவு, காற்றழுத்தம் காலையில் இருந்தபடியே. “அது மலைல பெய்யறதாக்கும். இங்க வராது. நீ போய்ச் செத்த நேரம் படு” என்றேன்.

என் பேச்சை நம்பிப் படுத்தாள். இடி கேட்டு இரண்டு பேரும் மாடிக்கு ஓடியபோது மழை கொட்டி, கருவடாம் மறுபடியும் கூழாகி, வேட்டியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

குடையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிழலில் பாட்டரி இறங்கி, நிலையம் காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. நான் பார்த்தது காலையின் எண்கள். ஆனால் வாயில் வந்தது வேறு. “குடையை யார் அங்க கட்டச் சொன்னா? எல்லாம் கெட்டுது!”

“எனக்கு என்ன தெரியும்? சரி, என் தப்புதான்” என்றாள். நாழியைக் கழுவித் துடைத்து என்னிடம் கொடுத்தாள். “பரண்ல போட்டுடுங்கோ. இனிமே வேண்டாம்.”

போட்டேன். நிரலை நான் மாற்றியிருந்ததை அவளிடம் மறைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் சோபாவுக்கடியில் பெருக்கும்போது ரப்பர் பந்து உருண்டு வந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. அவள் அதைத் தொட்டே நாளாகிவிட்டது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “அப்போ அது நின்னு போனப்புறமும் ஓடற மாதிரி காட்டித்தா?”

“ஆமாம்.”

“அப்படிப் பண்ணி வச்சது நீங்களா?”

“ஆமாம். கோடு வந்தா பையன் கிண்டல் பண்றான்.”

“இத்தனை நாளும் நான் என் கையைத் திட்டிண்டிருந்தேன். ஒடிஞ்ச கையை வச்சுண்டு எதுக்கு இந்த ஆசைன்னு. நீங்க பார்த்துண்டே இருந்தேள், இல்லியா?”

நான் தலையாட்டினேன். அன்று முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அந்தக் கோபத்துக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். தன் கையைத் திட்டுவதை விட்டு என்மேல் கோபப்பட ஆரம்பித்தாளே, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. கோடுகள் மறுபடியும் வரும்படி நிரலை அன்றே திருத்திவிட்டேன்.

மறுநாள் காலை காப்பி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, “பரண்ல ஏறி அதை எடுங்கோ. கூழும் நீங்கதான் கிளறணும்” என்றாள். கிளறினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். பாதிக்கு மேல் அவளால் அமுக்க முடியவில்லை. நாழியை என்னிடம் நீட்டினாள். மீதியை நான் பிழிந்தேன். வெயில் முழுக்க இருந்தது. இருந்தும் அன்று சாயங்காலம் வரை மாடியை விட்டு நான் இறங்கவில்லை.

மகன் வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருவடாத்தைப் பொரித்துப் போட்டாள். அவன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதென்னம்மா, கயிறு மாதிரி இருக்கு?”

“அது உங்கப்பா பிழிஞ்சது. கிண்டல் பண்ணாம தின்னு” என்றாள்.

மற்ற எதையும் அவள் அவனிடம் சொல்லவில்லை.