புல்லுக்காகக் கேட்ட பதினைந்து நாள்

குரங்கணிக்கு மேலே, ஜீப்புப் பாதை முடியும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் எங்கள் ஏலத்தோட்டம். அதன் மேல் எல்லையில் மரங்கள் முடிந்து புல்சரிவு தொடங்குகிறது. சரிவில் ஓர் ஊற்று உண்டு; தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

போன வருடம் தண்டு துளைக்கும் புழு விழுந்து, பாதிச் செடிகளுக்கு நடுக்குருத்து காய்ந்துபோனது. அதிலிருந்து என் கணவருக்குச் சிறகுள்ள எதைக் கண்டாலும் பதற்றம்.

இந்த வருடம் மழை விட்ட ஒரு காலையில் இருவரும் புல்சரிவு வழியாக நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள் எழும்பின. நாலடி தூரம் தடுமாறிப் பறந்து, ஒரு புல்தாளைப் பிடித்துத் தலைகீழாக உட்கார்ந்து, சிறகுகளை உடம்போடு சுருட்டிக்கொண்டன. அப்புறம் புல் எது, பூச்சி எது என்றே தெரியவில்லை.

"பாத்தியா? இங்கனதான் பெருகுது. திங்கக்கெழமை ஆள் வரச் சொல்றேன். புல்லு முழுக்க மருந்து அடிச்சிருவோம்" என்றார்.

"இது அது இல்லைங்க. தண்டுப்புழுவோட தாய்ப்பூச்சி மஞ்சளா, கறுப்புப் புள்ளி வச்சிருக்கும்."

"சின்னதுல்ல இது? வளந்தா நெறம் மாறும்."

"றெக்கை வந்த பெறகு பூச்சி வளராதுங்க. ஊத்துத் தண்ணிய நெனச்சுப் பாருங்க. பதினஞ்சு நாள் குடுங்க, நான் காட்டுறேன்."

"அதுக்குள்ள செடியத் தொளைச்சுட்டா?"

கேட்டுவிட்டு, அரைமனதாக மருந்தாளைப் பதினைந்து நாள் தள்ளி வரச் சொன்னார். போடியில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஆனால் என் பாடப்புத்தகத்தில் இந்தப் பூச்சி கிடையாது.

ஒரு புல்கட்டியை மண்ணோடு பெயர்த்தேன். அடியில் மண்துகள் ஒட்டிய பட்டுக்குழாய். உள்ளே அழுக்குப் பச்சையில் ஒரு புழு. கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, வாயைக் கொசுவலையால் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தேன். அந்தி சாயும்போது அது பாதி உடம்பை வெளியே நீட்டிப் புல்லை நறுக்கிக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். சரிவில் பிடித்த ஒரு தாய்ப்பூச்சி இன்னொரு டப்பாவில் முட்டையிட்டிருந்தது. முட்டைகள் எதிலும் ஒட்டாமல் கசகசா போல உருண்டன. பறக்கிற போக்கிலேயே புல்மேல் உதிர்த்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் புழு குழாயின் வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு அசைவே இல்லை. செத்துவிட்டதா? தினமும் பள்ளிக்குப் புறப்படும் முன் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பேன். பஸ்சில் போகும்போதும் அதே நினைப்புத்தான்.

பத்தாம் நாள் மதியம் அவர் தோட்டத்திலிருந்து ஒரு தண்டை வெட்டிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். ஓட்டை, அதன் வாயில் ஈரமான சக்கை.

"உன் பூச்சி சோலியக் காட்டிருச்சு" என்றார்.

தண்டைப் பிளந்தேன். இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளிந்தது. பச்சை இல்லை. ஆனால் முதிரும்போது பச்சை சிவப்பாகாது என்று யார் கண்டது?

பதினாலாம் நாள் காலை, பாட்டிலில் ஒரு புல்தாள் கூடுதலாக நின்றதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். மூக்கு நீட்டிய தலை, வைக்கோல் நிறச் சிறகு, நடுவே ஒரு வெள்ளைக் கோடு. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.

"என்னங்க, வெரசா வாங்க!"

அவர் பாட்டிலை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப நம்ம தண்டுல இருக்கிறது?"

"அது வேற. அது ஏலத்தண்டுக்கே வந்து முட்டை வைக்கும்."

மருந்தடிக்கும் ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு இருவரும் மேலே போனோம். ஓட்டை விழுந்த தண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்து எரித்தோம். கீழ்வரிசையில் நிறையப் போய்விட்டது. பதினாலு நாளும் நான் பாட்டிலையும் அவர் புல்லையுமே பார்த்துக்கொண்டிருந்தோம். செடிகளை ஒழுங்காகப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இப்போது ஞாயிறு தோறும் நானும் மேலே போகிறேன். முதலில் கீழ்வரிசை. ஒவ்வொரு தண்டையும் அடியிலிருந்து விரலால் தடவிப் பார்க்கிறேன்.