முதல் இரண்டு நாளா, கடைசி இரண்டு நாளா

புரட்டாசியில் எங்கள் தெருவிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகும் கூட்டத்துக்கு ஏழு நாள் ஆகும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் எனக்குக் கிடைத்த லீவு இரண்டே நாள். எந்த இரண்டு நாள் நடப்பது என்று வீட்டில் பேச்சு வந்தது.

"கடைசி ரெண்டு நாள் போங்க. மலையேறி சாமியப் பாக்கலாம்" என்றாள் மனைவி.

"பாதி வழி பஸ்ல போய்ச் சேர்றவன்லாம் பக்தனா? நடந்தா நம்ம வாசல்லேர்ந்து நடக்கணும்" என்று எரிந்து விழுந்தேன்.

மஞ்சள் வேட்டி கட்டிப் புறப்பட்டேன். வாசலுக்கு வாசல் பெண்கள் எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். என்னைவிட மூத்தவரான எதிர்வீட்டு அம்மாகூடக் குனிந்து என் காலைத் தொட்டார். இரண்டாம் நாள் மாலை கண்ணமங்கலத்தில் கூட்டத்தை விட்டுவிட்டு, ஊருக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை அந்த அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே! பிரசாதம் குடுங்க."

கண்ணமங்கலத்தில் லட்டு கொடுப்பதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மனைவி உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வருஷம் வாயை மூடிக்கொண்டு கடைசி இரண்டு நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். சித்தூர் வரை பஸ். அங்கே கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, மலையேறி, தரிசனம் முடித்து, இரண்டு காலிலும் கொப்புளத்தோடு திரும்பினேன். முதல் லட்டை எதிர்வீட்டு அம்மாவிடம்தான் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்:

"காலுக்குத் தண்ணி ஊத்தும்போது உங்களக் காணோமே. இந்த வருஷம் பஸ்லயே போயிட்டு வந்துட்டீங்களா?"