வெந்நீர் வைரஸும் டாஃபியின் மீசைமுடியும்

தொட்டித் தண்ணீர் அறுபத்தைந்து டிகிரியைத் தொட்டதும் டெரெக் ஆக்ராய்ட் சோதனைக் குழாய்களை அதில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பையிலிருந்து ஒரு இஞ்சி பிஸ்கட் வெளியே வரும். ஆய்வகத்தில் தின்னக்கூடாது என்ற பலகை தலைக்கு மேலேயே தொங்குகிறது. அவரும் தின்பதில்லை, கையில் வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

"வேக வேண்டியதெல்லாம் வேகட்டும் கண்ணு. நம்ம ஆளு மட்டும் வேகமாட்டான்."

இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரர். துடைக்க வருகிறவரும் அவருக்குக் கண்ணுதான், துறைத் தலைவரும் கண்ணுதான். மற்ற புரதங்களெல்லாம் திரிந்த பால்போல அடியில் தங்க, 'நம்ம ஆளு' மட்டும் தெளிந்த நீரில் நிற்பான். ரஷ்யாவின் கம்சட்கா வெந்நீர் ஊற்றில் பாக்டீரியாக்களைத் தின்று வாழும் ஒரு வைரஸ். அதன் காலி ஓட்டின் வாசலில் இருக்கும் வளையம் அவன். ஒரே புரதம் பன்னிரண்டாகக் கைகோத்து நிற்க, நடுத்துளை வழியே டி.என்.ஏ. நூல் உள்ளே திணிக்கப்படுகிறது. தலையணை உறைக்குள் ஒரு பாய்மரக் கயிற்றையே திணிப்பது மாதிரி வேலை. அந்தக் கைகள் நூலை எப்படிப் பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் புரதத்தைப் படிகமாக வளர்த்து, தெற்கே இருக்கும் பெரிய எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்தாக வேண்டும்.

படிகம் வளர்ப்பதில் டெரெக்குக்கு ஒரு பழக்கம். பழைய படிகத்தின் பொடியைப் பூனை மீசைமுடியால் தொட்டு, புதுத் துளியின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பொடி விழுந்த இடத்தில் புதுப் படிகம் முளைக்கும். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். ஆனால் டெரெக்குக்குத் தன் வீட்டுப் பூனை டாஃபியின் முடிதான் வேண்டும். சோபாவில் அது தானாக உதிர்த்ததைப் பொறுக்கி வருவார். அந்தக் காலத்தில் கைநிறைய இருந்தது, ஊதாரித்தனமாகச் செலவழித்தார். போன வசந்தத்தில் டாஃபி போய்விட்டது. மிஞ்சியது ஒற்றை முடி, கண்ணாடிக் குழாய்க்குள்.

இந்தச் சமயத்தில்தான் ரஷ்யாவிலிருந்து கலீனா வந்து சேர்ந்தாள். அந்த வைரஸை ஊற்றிலிருந்து முதலில் பிடித்தவள் அவள்தான். இளம் வயதில் டெரெக்கும் கூடப் போயிருந்தார். சேற்றில் பூட்ஸின் அடி உருகியது, ஊற்றிலேயே முட்டை அவித்தது, கரடி வந்து ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு போனது! இருவரும் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள். என்ன நாட்கள் அவை! அடுத்த வாரம் அவள் ஊர் திரும்புகிறாள், திரும்பியதும் பணி ஓய்வு. எக்ஸ்ரே இயந்திரத்தையோ பழுதுபார்க்க மூடப்போகிறார்கள். வாழ்நாளெல்லாம் தேடியதைப் பார்க்க அவளுக்கு இருப்பது இந்த ஒரு வாரம்.

டெரெக் குதிரைவால் முடியால் இழுத்தார். பக்கத்து வீட்டுப் பூனையின் முடியால் இழுத்தார். எல்லாம் தடிமன், பொடி கொட்டோ கொட்டென்று கொட்டி, துளி முழுக்க மணல்போல நொய்ப் படிகங்கள். ஒன்றுக்கும் உதவாது.

"அந்தக் குழாய்ல என்ன வச்சிருக்கே? புனிதரோட எலும்பா?" என்றாள் கலீனா.

"அதை வெட்டி, குச்சியில மெழுகு வச்சு ஒட்டணும். அப்புறம் அது டாஃபியோட மீசை இல்ல கண்ணு, வெறும் கருவி."

"முன்னாடி நான் வந்திருந்தப்போ, நீ அழுக்குச் சட்டையோட அந்தப் பூனைய மடியில வச்சுக் கொஞ்சினப்போ நான் ஏதாவது சொன்னேனா? இப்ப சொல்றேன் கேளு. ஞாபகத்துக்குன்னு என் பங்குக்கு அங்க ஒரு ஊற்றே இருக்கு, டெரெக். நினைச்சா போய் நின்னுக்கலாம். ஆனா அந்த வளையத்த நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

அவர் பிஸ்கட்டைப் பையில் போட்டார். கத்தரிக்கோலைத் தேடி மூன்று இழுப்பறைகளைத் திறந்தார். அது முதல் இழுப்பறையிலேயே இருந்தது. வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவம்.

ஞாயிறு காலை இருவரும் துளி இருந்த தட்டை நுண்நோக்கியில் வைத்தார்கள். முதலில் கலீனா குனிந்தாள். பிறகு ரஷ்ய மொழியில் என்னவோ முணுமுணுத்தபடி எழுந்து அவருக்கு இடம் விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வரிசையா நிக்குது பாரு" என்றாள்.

டெரெக் பார்த்தார். துளியின் குறுக்கே, முடி போன வழியெல்லாம், ஒன்றன்பின் ஒன்றாகப் பளிங்குப் படிகங்கள். ஒவ்வொன்றும் முழுசு, விளிம்பு கூர்மை. நாளைக்கே எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகலாம்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் எழுந்தார். எழுந்ததும், பழைய வழக்கப்படி, மடியிலும் முழங்காலிலும் ஒட்டியிராத பூனை முடியைக் கையால் தட்டிவிட்டுக்கொண்டார்.